சம்மோகினி உண்டு, சஞ்சீவினி இல்லை: மூளை அறுவைக்குப் பின் விழித்தெழுதலின் வரலாறு

இது நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

தேரையர் கதையைக் கேட்டறியாத தமிழர் குறைவு. தீராத தலைவலியால் வருந்திய அரசன் ஒருவனுக்கு மயக்கமூட்டி, அகத்தியர் அவன் மண்டையைத் திறக்கிறார். மூளையின்மேல் ஒரு தேரை ஒட்டியிருக்கிறது. பிடுங்கினால் மூளை சிதையும். குரு தயங்கி நிற்கையில், சீடன் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொண்டுவந்து அலம்பி ஓசை எழுப்புகிறான். தேரை நீருக்குள் தாவுகிறது. சந்தானகரணி என்னும் மூலிகையால் மண்டை மூடப்படுகிறது. சித்த மருத்துவ மரபில் பல வடிவங்களில் வழங்கும் கதை இது.

வடமொழியிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 16ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பல்லாளரின் போஜப் பிரபந்தத்தில், தாரா நகரத்துப் போஜ மன்னனின் தலைவலியைத் தீர்க்க இரு மருத்துவர்கள் வருகின்றனர். மோக சூரணத்தால் மயக்கி, மண்டையைத் திறந்து நோய்க்காரணத்தை அகற்றித் தைத்தபின், சஞ்சீவினி கொடுத்து மன்னனை எழுப்புகின்றனர். சம்மோகினி, சஞ்சீவினி என்ற பெயர் இணையாகவே இது பிற்காலத்தில் பேசப்படுகிறது.

இக்கதைகளை, அக்காலத்தில் அறுவை நடந்தமைக்கான சான்றாகக் காட்டும் வழக்கம் சமூக ஊடகங்களில் பெருகியுள்ளது. பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட கதையை நிகழ்ச்சிப் பதிவாகக் கொள்ள வரலாற்று முறை இடந்தராது. எனினும் கதை சொன்னவர்கள் ஒன்றைக் கூர்மையாக உணர்ந்திருந்தனர். மயக்க ஒரு மருந்து போதாது, எழுப்பவும் ஒரு மருந்து வேண்டும் என்பதே அது. இன்றைய மருத்துவத்தில் முதல் மருந்து பல வடிவங்களில் உண்டு. இரண்டாவது மருந்து இன்றுவரை இல்லை. அந்த இல்லாமையை மருத்துவர்கள் எவ்வாறு ஈடுசெய்தனர் என்பதையும், அந்த வரலாறு தாராவியில் வாழும் ஒரு தமிழ்ப் பாட்டியை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்பதையும் சொல்வதே இப்பதிவின் நோக்கம்.

1. மூச்சைப் பார்த்திருந்த காலம்

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் பொதுவெளியில் செய்து காட்டப்பட்டது. ஐந்தே மாதங்களில், 1847 மார்ச் 22 அன்று, அது கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எட்டிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். அது ஈதரைப்போல் மூச்சை அடைக்கும் நெடியற்றது, சிறிய அளவிலேயே வேலை செய்வது, தீப்பற்றாதது. வெப்பநாடான இந்தியாவில் ஈதர் விரைந்து ஆவியாகிவிடும் என்பதால், குளோரோஃபார்மே இங்கு நெடுங்காலம் கோலோச்சியது.

ஆனால் குளோரோஃபார்ம் மேசையில் சிலர் திடீரென்று மாண்டனர். இதயம் நின்று மாண்டனரா, மூச்சு நின்று மாண்டனரா என்ற விவாதம் ஐரோப்பாவை இரண்டாகப் பிரித்தது. அதற்கு விடை தேடி ஐதராபாத்தில் எட்வர்டு லாரி என்னும் அறுவை மருத்துவரின் முன்னெடுப்பில், நிஜாமின் பொருளுதவியுடன், 1888லும் 1889லும் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்கள் கூடின. நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்தபின், மூச்சே முதலில் நிற்கிறது, ஆகவே மயக்கம் கொடுப்பவர் மூச்சையே கவனித்திருக்க வேண்டும் என்று ஆணையம் முடிவு கூறியது. அப்பணிகளில் பங்குகொண்டவர் ரூபா பாய் ஃபர்துன்ஜி என்னும் பார்சிப் பெண்மணி. உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று மருத்துவ வரலாறு இன்று அவரைப் போற்றுகிறது.

ஆணையத்தின் முடிவு முழு உண்மையாக இல்லை. குளோரோஃபார்ம் இதயத் துடிப்பையும் குலைக்கக்கூடும் என்பதை 1911இல் குட்மன் லெவி நிறுவினார். ஆயினும் மயக்கம் கொடுப்பவரின் கண் நோயாளியைவிட்டு அகலக்கூடாது என்ற பாடம் நிலைத்துவிட்டது. அந்தக் கவனமெல்லாம் நோயாளி இறவாமல் இருக்கிறாரா என்பதைப் பற்றியது. அவர் எப்போது, எப்படி விழிக்கிறார் என்பது அன்று பெரிய கேள்வியாக எழவில்லை. கால் அறுக்கப்பட்டவர் காலையில் விழித்தாலென்ன, மாலையில் விழித்தாலென்ன? மண்டையோட்டைத் திறக்கத் தொடங்கியபோதுதான் அக்கேள்வி உயிர்க்கேள்வியாயிற்று.

2. மயக்காமலே அறுத்தவர்கள்

இலண்டன் குயீன் ஸ்கொயர் மருத்துவமனையில் 1886இல் மூளை அறுவையைத் தொடங்கிய விக்டர் ஹார்ஸ்லி, தாமே மயக்க மருந்துகளைச் சோதித்தவர். ஈதர் இரத்த அழுத்தத்தை ஏற்றி மூளையில் குருதிப்பெருக்கை மிகுவிக்கிறது. விழிக்கும்போது நோயாளி திமிறுகிறார் என்று கண்டு அதைத் தவிர்த்தார். குளோரோஃபார்முடன் மார்ஃபினையும் சேர்த்துப் பார்த்தார். குருதிப்பெருக்கு குறைந்தாலும் மூச்சு ஒடுங்கியதால் மார்ஃபினைக் கைவிட்டார். மூளை அறுவையில் அமைதியூட்டி மருந்து நன்மையும் தீமையும் ஒருங்கே செய்யும் என்ற உண்மை முதல் தலைமுறையிலேயே வெளிப்பட்டுவிட்டது. முதல் உலகப்போரில், இந்தியப் படைவீரர்கள் பல்லாயிரவர் போரிட்ட மெசபொடேமியாவில் மருத்துவப் பணியாற்றியபோது, 1916இல் அமாராவில் ஹார்ஸ்லி வெப்பத் தாக்கால் மறைந்தார்.

அமெரிக்காவின் ஹார்வி குஷிங், மாணவப் பருவத்தில் தம் கையால் ஈதர் கொடுக்கப்பட்ட நோயாளி மாண்டதைக் கண்டு கலங்கியவர். நண்பர் காட்மனுடன் சேர்ந்து 1890களின் நடுவில் நாடித்துடிப்பையும் மூச்சையும் வரிசையாகக் குறிக்கும் தாள்களை உருவாக்கினார். இன்று ஒவ்வொரு அறுவையிலும் எழுதப்படும் மயக்கப் பதிவேட்டின் மூத்த முன்னோடி அதுவே. 1901இல் இத்தாலியின் பாவியா நகரில் ரிவா ரோச்சியின் இரத்த அழுத்தமானியைக் கண்டு அதையும் தம் அறுவை அறைக்குக் கொண்டுசென்றார். அத்தகையவரே மூளை அறுவைக்குப் பொது மயக்கத்தைவிட உள்ளிட மரப்பு மேலானது என்ற நிலைக்கு நகர்ந்தார். 1917இல் பிரான்சு, பெல்ஜியப் போர்முனையில் தலைக்காயம்பட்ட வீரர்களுக்கு நோவோகெயின் ஊசியிட்டு, அவர்கள் விழித்திருக்கும்போதே அறுவை செய்தார்.

இது கொடுமை போலத் தோன்றலாம். தோலுக்கும் மூளையை மூடும் உறைக்கும் வலியுணர்வு உண்டு. மூளைத் திசுவுக்கு இல்லை. ஆகவே தோலை மரக்கச் செய்துவிட்டால் மூளையைத் தொடும்போது வலிப்பதில்லை. விழித்திருக்கும் நோயாளியிடம் பேச்சுக்கொடுத்துக்கொண்டே அறுக்கலாம். பேச்சு குழறினால் கத்தியை நிறுத்தலாம். எழுப்பும் மருந்து இல்லாதபோது, உறங்கவே விடாதிருப்பது ஒரு தீர்வு.

இத்தீர்வை ஒரு கலையாக வளர்த்தவர் வைல்டர் பென்ஃபீல்டு. 1934இல் திறக்கப்பட்ட மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில், வலிப்பு நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்தூண்டலால் தொட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு, பேச்சு எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று வரைபடம் எழுதினார். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று வந்த பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் அத்துறையை நிறுவினார். 1951இல் இவ்விருவரும் நரம்பியல் மருத்துவர்கள் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் இணைந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினர். மும்பையில் ராம் கிண்டே, ஹோமி தஸ்தூர் ஆகியோர் முதல் தலைமுறை மூளை அறுவையாளர்களாக விளங்கினர். தஸ்தூரின் களம் பரேல் கே.இ.எம். மருத்துவமனை.

3. உறக்கமும் மறைப்பும்

எல்லா அறுவையையும் விழித்த நிலையில் செய்ய இயலாது. குழந்தைகளும் அஞ்சி நடுங்குவோரும் பல மணி நேரம் அசையாமல் கிடக்க மாட்டார்கள். அதனால் உறக்க மருந்துகளின் துணை தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் புரோமைடும் குளோரல் ஹைட்ரேட்டும் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்பிட்டுரேட் வகை மருந்துகள் வந்தன. நம் குடும்பங்களில் வலிப்பு மாத்திரையாக அறியப்பட்ட கார்டினால் அவ்வகையைச் சேர்ந்தது. 1934இல் அமெரிக்காவில் தயோபென்டால் நரம்பூசியாகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஊசி போட்ட அரை நிமிடத்தில் நோயாளி உறங்கினார்.

ஆனால் இம்மருந்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒருமுறை செலுத்தினால் சில நிமிடங்களில் விழிப்பு வருகிறது. மருந்து உடலைவிட்டு நீங்கியதால் வரும் விழிப்பு அன்று அது. மருந்து மூளையிலிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் இடம்பெயர்ந்ததால் வருவது. நீண்ட அறுவையில் மீண்டும் மீண்டும் செலுத்தினால் அந்த இடங்களும் நிரம்பிவிடும். பிறகு மூளையை விட்டுப் போக மருந்துக்கு இடமில்லை. நோயாளி பல மணி நேரம் எழமாட்டார்.

மூளை அறுவையில் இந்தத் தாமதம் ஏன் அஞ்சத்தக்கது? மண்டையோடு விரியாத பெட்டி. அறுவை முடிந்த முதல் சில மணி நேரத்தில் உள்ளே குருதி கசிந்து கட்டியானால் மூளை நசுங்கத் தொடங்கும். அதன் முதல் அறிகுறி, தெளிந்துவந்த நோயாளி மீண்டும் மந்தமாவதே. உறக்க மருந்தின் எச்சமும் அதே மந்தத்தையே தரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. மருந்தின் மயக்கம் என்று காத்திருந்தால் உயிர் போகும். குருதிக்கட்டி என்று அஞ்சி மீண்டும் திறந்தால் வீண் அறுவையாகும். மூளையைப் படமெடுக்கும் சி.டி. கருவி 1971இல்தான் இலண்டனில் முதல் நோயாளியைக் கண்டது. அதற்கு முன்பு நோயாளியின் விழிப்பே மருத்துவருக்கு இருந்த ஒரே சாளரம்.

மருந்தின் தீங்கு மறைப்பதோடு நிற்பதில்லை. அமைதியூட்டி மூச்சை ஆழமற்றதாக்கும். இரத்தத்தில் கரியமில வாயு கூடும். கரியமில வாயு கூடினால் மூளையின் குருதிக்குழாய்கள் விரியும். ஏற்கெனவே வீங்கிய மூளையில் அழுத்தம் மேலும் ஏறும். நோயை மறைத்த மருந்தே நோயை வளர்க்கவும் செய்யும்.

இந்த அச்சத்தின் விலையை நோயாளிகளே செலுத்தினர். மார்ஃபின் மூச்சை ஒடுக்கும், கண்மணியைச் சுருக்கும், விழிப்பை மங்கச்செய்யும் என்பதால், மண்டை திறக்கப்பட்டவர்களுக்கு நெடுங்காலம் வலுக்குறைந்த கோடீன் மட்டுமே கொடுக்கப்பட்டது. தலையறுவைக்குப் பின் வலி அதிகமிராது என்ற நம்பிக்கையும் துறையில் வேரூன்றியிருந்தது. பின்வந்த ஆய்வுகள் அது தவறு என்று காட்டின. தெளிவாக விழித்திருக்க வேண்டும் என்பதற்காக வலியோடு விழித்திருக்கும்படி விடப்பட்டவர்கள் பல தலைமுறையினர்.

4. பரேலிலிருந்து ஒரு வேர்

இக்கதையில் மும்பைக்கு ஓர் எதிர்பாராத இடம் உண்டு. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர் பீகார்ப் பகுதியில் பித்துக்கு மருந்தாக, ‘பாகல் கீ தவா’ என்றே பெயர்பெற்று வழங்கிவந்தது. 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அது மன அமைதி தருவதையும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் எழுதினர். உலகம் செவிசாய்க்கவில்லை. கே.இ.எம். மருத்துவமனையின் இதயநோய் வல்லுநர் ருஸ்தம் ஜால் வகீல், அதைத் தம் இரத்த அழுத்த நோயாளிகளில் முறையாகச் சோதித்து, 1949இல் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்டபின்பே மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அவ்வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் ஆன்ரி லபோரி என்னும் படை மருத்துவர், அறுவைக்கு முன்பும் பின்பும் நோயாளியை அமைதிப்படுத்தும் கலவைகளைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கையில் குளோர்புரோமசின் கிடைத்தது. நோயாளிகள் உறங்கவில்லை, ஆனால் சுற்றி நடப்பதில் பற்றற்றிருந்தனர். அறுவை அறையில் பிறந்த அம்மருந்து மனநல மருத்துவத்தையே மாற்றிற்று. 1957ஆம் ஆண்டின் லாஸ்கர் மருத்துவ விருது பகிர்ந்தளிக்கப்பட்டபோது, பெற்றவர்களுள் பரேலின் வகீலும் இருந்தார், பாரிசின் லபோரியும் இருந்தார்.

ரெசர்பைன் மயக்கவியலாளர்களுக்குத் தலைவலியும் தந்தது. அதை உட்கொண்டுவந்தவர்களுக்கு அறுவையின்போது இரத்த அழுத்தம் சரிவதாக 1950களின் நடுவில் எச்சரிக்கைகள் எழுந்தன. இரண்டு வாரம் முன்னதாகவே மருந்தை நிறுத்த வேண்டும் என்ற விதி பிறந்தது. பின்னர் அவ்வளவு அஞ்சத் தேவையில்லை என்று தெளிந்தது.

ஆனால் விழிப்பின் வரலாற்றில் ரெசர்பைனின் பெரும்பங்கு வேறொன்று. 1957இல் சுவீடனின் அர்வித் கார்ல்சன், ரெசர்பைன் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கும் எலிகளுக்கும் டோபா என்ற பொருளைச் செலுத்தினார். தொங்கிய காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் எழுந்தன. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வற்றியதே அவற்றின் கிடைக்குக் காரணம் என்பது அதன்வழி புலப்பட்டது. பார்க்கின்சன் நோய்க்கான மருத்துவம் அங்கிருந்து பிறந்தது. 2000ஆம் ஆண்டில் கார்ல்சனுக்கு நோபெல் பரிசும் வந்தது. நம் காட்டு வேர் உறங்கவைத்த உயிரை எழுப்ப முயன்றபோது, விழிப்பின் வேதியியல் ஒரு கணம் வெளிச்சத்துக்கு வந்தது. சஞ்சீவினிக்கு மருத்துவம் மிக அருகில் வந்த தருணம் என்று அதைச் சொல்லலாம். எனினும் அது ரெசர்பைனுக்கு மட்டுமே உரிய மாற்று. பொது மயக்கத்துக்கு அன்று.

5. விரைந்து விலகும் மருந்துகள்

இன்று ஓபியம் வகை மருந்துகளின் விளைவை முறிக்க நலோக்சோன் உண்டு. டயசிபாம், மிடசோலம் வகையை முறிக்க ஃபுளுமசெனில் உண்டு. தசையைத் தளர்த்தும் மருந்துகளுக்கும் மாற்று உண்டு. ஆனால் ஈதர் வழிவந்த ஆவி மருந்துகளுக்கோ தயோபென்டாலுக்கோ முறிமருந்து இல்லை. எழுப்ப இயலாத நிலையில், தாமே விரைந்து விலகும் மருந்துகளைத் தேடுவதே வழியாயிற்று.

1956இல் மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்த ஹாலோத்தேன் தீப்பற்றாதது, இனிய மணமுடையது. ஆனால் மூளைக் குருதிக்குழாய்களை விரிக்கும் இயல்பால் மூளை அறுவையில் எச்சரிக்கையோடு பயன்பட்டது. 1970களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் இயன் கிளென் என்னும் கால்நடை மருத்துவர் ப்ரோபோஃபாலைக் கண்டறிந்தார். நீரில் கரையாத அதைக் கொழுப்புக் குழம்பாக்கியபோது பால்போல் வெளுத்தது. 1986இல் பயன்பாட்டுக்கு வந்த அம்மருந்துக்காக, 2018இல் கிளெனும் லாஸ்கர் விருது பெற்றார். அதன் சிறப்பு உறக்கத்தில் இல்லை, தெளிவில் இருக்கிறது. விழித்தவர்கள் குமட்டலின்றி, தெளிந்த மனத்துடன் விழித்தனர்.

எத்தனை மணி நேரம் மருந்து செலுத்தினால் அது பாதியாகக் குறைய எத்தனை நிமிடமாகும் என்ற கணக்கை 1992இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்தனர். 1996இல் வந்த ரெமிஃபென்டனில், எத்தனை மணி நேரம் செலுத்தினாலும் நிறுத்திய சில நிமிடங்களில் பாதியாகிவிடும். 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெக்ஸ்மெடடோமிடின், இயற்கை உறக்கத்தையொத்த அமைதி தருவது. மூச்சை அதிகம் ஒடுக்காது. பெயர் சொல்லி அழைத்தால் நோயாளி கண்திறந்து விடைகூறி மீண்டும் உறங்குவார். குஷிங்கும் பென்ஃபீல்டும் கண்ட விழித்த நிலை அறுவை இம்மருந்தின் துணையால் புத்துயிர் பெற்றது.

விழிப்பும் ஒரு கலையாக வளர்ந்தது. தொண்டைக் குழாயை எடுக்கும்போது நோயாளி இருமினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். திமிறினால் இரத்த அழுத்தம் எகிறித் தையலிட்ட இடம் கசியும். ஆகவே இருமாமலும் திமிறாமலும், அதே வேளை தெளிவாகவும் எழுப்ப வேண்டும். பொது மயக்கம் உண்மையில் உறக்கமே அன்று, மீளத்தக்க ஆழ்மயக்கம் என்று 2010இல் எமரி பிரவுனும் அவர்தம் துணையாளர்களும் விளக்கினர். அதிலிருந்து நோயாளி மீண்டுவிட்டாரா என்பதை அறிய மருத்துவர் இன்றும் செய்வது, குனிந்து பெயர் சொல்லி அழைப்பதையே.

6. விழிப்புக்கு மதிப்பெண்

1974இல் கிளாஸ்கோ நகரின் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் இருவரும் விழிப்பை அளக்க ஓர் அளவுகோலை வகுத்தனர். கண் திறத்தல், பேச்சு, உடலசைவு என்ற மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். பின்னாளில் கூட்டுத்தொகை 3 முதல் 15 வரை என்று நிலைபெற்றது. அதற்கு முன்பு ஒருவர் ‘அரைமயக்கம்’ என்று எழுதியதை மற்றொருவர் ‘மந்தம்’ என்று எழுதினார். இவ்வளவுகோல் வந்தபின் இரவு செவிலியரும் காலை மருத்துவரும் ஒரே மொழியில் பேசத் தொடங்கினர்.

ஆனால் அந்த அளவுகோலை ஊன்றிப் படியுங்கள். கண் திறத்தலில் உயர்நிலைக்கு அடுத்தது, குரல் கேட்டுத் திறத்தல். அசைவில் உயர்நிலை, சொன்னதைச் செய்தல். பேச்சில் முழு மதிப்பெண், தாம் யார், எங்கிருக்கிறோம், இது எந்த மாதம் என்று பிழையின்றிச் சொல்லுதல். குழப்பமாகப் பேசினால் ஒன்று குறையும். தொடர்பற்ற சொற்கள் என்றால் இரண்டு. பொருளற்ற ஒலி என்றால் மூன்று. கேட்பவரின் மொழியும் விழிப்பவரின் மொழியும் ஒன்றே என்ற அனுமானம் இதில் உறங்குகிறது. கிளாஸ்கோவில் அது பெரும்பாலும் உண்மையாக இருந்திருக்கலாம். மும்பையில் அவ்வாறில்லை.

7. விழிப்பவரின் மொழி

தாராவியின் விளிம்பில் நிற்கிறது, சயான் மருத்துவமனை என்று மக்கள் அழைக்கும் லோகமான்ய திலக் நகராட்சி மருத்துவமனை. 1947இல் தொடங்கப்பட்டு, 1964இல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது. தண்டவாளத்திலும் கட்டுமானத் தளத்திலும் நெடுஞ்சாலையிலும் தலை உடைந்தவர்கள் வந்துசேரும் இடங்களுள் முதன்மையானது. தாராவியின் தமிழருள் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற உழைப்புக்கும் வந்தோரின் வழித்தோன்றல்கள். சில கிலோமீட்டர் தள்ளி மாட்டுங்காவில், எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தோர் 1932இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். ஆலைகளும் அணு ஆய்வு மையமும் ஈர்த்த மற்றொரு தலைமுறை செம்பூரில் குடியேறியது.

மூன்று இடத்திலும் தமிழே வீட்டுமொழி. ஆனால் அறுவைக்குப்பின் விழிக்கும் கணத்தில் மூவரும் சமமல்லர். மாட்டுங்காவின் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஆங்கிலத்தில் விடைசொல்வார். செம்பூரின் பொறியாளர் இந்தியில் சொல்வார். தாராவியில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தும் தமிழ்த் தெருவைவிட்டு அதிகம் அகலாத ஓர் ஆச்சியை எண்ணிப் பாருங்கள். ‘டோளே உகடா’ என்றும் ‘ஆங்க் கோலோ’ என்றும் காதில் விழுகிறது. கண் அரைகுறையாகத் திறக்கிறது. “எய்யா, எம் மவன் எங்க? தண்ணி தாய்யா” என்கிறார். குறிப்பேட்டில் ‘பொருளற்ற ஒலி’ என்று பதியப்பட வாய்ப்புண்டு. தமிழறிந்த ஒருவர் மாதம் எது என்று கேட்டால் ‘ஆடி’ என்பார். அது சரியான விடை. ஆயினும் ‘ஜூலை’யை எதிர்பார்ப்பவருக்குப் பிழை.

மூளை பாதிக்கப்படும்போது பலமொழி அறிந்தவரிடம் எம்மொழி முதலில் மீளும் என்ற கேள்வி பழையது. முதலில் கற்ற மொழியே என்று 1881இல் பிரான்சின் ரிபோ கருதினார். மிகவும் பழகிய மொழியே என்று 1895இல் பித்ரே மறுத்தார். இரண்டு விதிக்கும் விலக்குகள் உண்டு என்பதே இன்றைய நிலை. மயக்கம் தெளியும் வேளையிலும் மொழி தடுமாறக்கூடும். நெதர்லாந்தில் முழங்கால் அறுவைக்குப்பின் விழித்த 17 வயது மாணவர் ஒருவர், தாய்மொழியான டச்சு புரியாமல் ஆங்கிலம் மட்டுமே பேசி, தாம் அமெரிக்காவில் இருப்பதாகக் கூறியது 2022இல் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அடுத்த நாள் அவருக்குத் தாய்மொழி மீண்டது. அங்கே சுற்றியிருந்தவர்களுக்கு இரு மொழியும் தெரிந்திருந்ததால் நேர்ந்தது என்னவென்று அறிய முடிந்தது. சயானில் தமிழில் தொடங்கி அரைகுறை இந்தியில் முடியும் பேச்சைத் தெளிவின் அடையாளமாகக் கொள்வதா, குழப்பத்தின் அடையாளமாகக் கொள்வதா என்று தீர்ப்பவர் யார்?

ஆபத்து இரு திசையிலும் உண்டு. தெளிவாகத் தமிழ் பேசும் ஒருவரைக் குழம்பியவர் என்று பதிந்தால், தேவையற்ற படமெடுப்பும் அலைக்கழிப்பும் நேரும். தமிழில் உளறும் ஒருவரை ‘ஏதோ தம் மொழியில் பேசுகிறார்’ என்று விட்டுவிட்டால், கசியும் குருதி கவனிக்கப்படாமல் போகும். மூன்றாவது இன்னும் கொடியது. மகனைத் தேடிக் குழாயைப் பிடுங்க முயலும் ஆச்சியின் கூச்சலைப் பித்தென்று கருதி, அமைதியூட்டி ஊசி செலுத்தப்படலாம். ஹார்ஸ்லி மார்ஃபினைக் கைவிட்டதிலிருந்து இத்துறை எந்த மறைப்பை அகற்ற நூறாண்டுக்கு மேலாகப் பாடுபட்டதோ, அதே மறைப்பு மொழியின் வழியே திரும்ப வந்துவிடுகிறது. ‘இதோ இருக்கான் ஆச்சி, அசையாம படுங்க’ என்ற ஒரு வரி அந்த ஊசியைத் தவிர்த்திருக்கக்கூடும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அறுவைக்கு முந்தைய நாளே நோயாளியின் வீட்டுமொழியும், வீட்டில் அழைக்கும் பெயரும், காது கேட்கும் திறனும், மாதத்தையும் ஊரையும் அவர் எப்படிச் சொல்வார் என்பதும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதப்படலாம். ‘கண்ணைத் திறங்க’, ‘கையை இறுக்கிப் பிடிங்க’, ‘உங்க பேர் என்ன’ என்ற மூன்று தமிழ்த் தொடர்கள் மராத்தி எழுத்தில் படுக்கையருகே ஒட்டப்படலாம். முதல் முறை எழுப்பும்போது உறவினர் ஒருவரைச் சில நிமிடம் உள்ளே அனுமதிக்கலாம். கன்னடருக்கும் தெலுங்கருக்கும் போஜ்புரி பேசுவோருக்கும் இது பொருந்தும்.

போஜனின் மருத்துவர்கள் கொடுத்த சஞ்சீவினி எந்த மூலிகை என்று தேடுவோர் இன்றும் உளர். நூற்றெழுபது ஆண்டுக்கும் மேற்பட்ட மயக்கவியல் வரலாறு அப்படியொரு மருந்தைக் கண்டெடுக்கவில்லை. மருந்தை விலகச் செய்யக் கற்றது. விலகியபின் அழைத்துப் பார்க்கக் கற்றது. அந்த அழைப்பு நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே எஞ்சியுள்ள பாடம்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மருத்துவமனைகளில் பணியாற்றிய தமிழ்ச் செவிலியர், வார்டு ஊழியர், மூத்த மருத்துவர்கள் ஆகியோரிடம் இத்தகைய விழிப்புகளின் நினைவு நிச்சயம் இருக்கும். நோயாளியின் அடையாளத்தைத் தவிர்த்து இங்கே எழுதினால், ஏடுகளில் இல்லாத ஒரு வரலாறு ஓரளவேனும் பதிவாகும். தலையறுவைக்கு உறவினரை அழைத்துச் செல்லவிருப்போர், அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்பதை மறவாமல் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.